ஆள் ஏன் நிற்பதில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பெங்களூரிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பீன்யா ஒர்க்‌ஷாப் முதலாளியிலிருந்து பெல்லந்தூர் டீம் லீட் வரை எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்டிருக்கிறார்கள். வேலைக்கு வருகிறவர்கள் ஏன் நிலைப்பதில்லை, நிலைக்க வைக்க என்ன செய்யலாம்? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: பீன்யாவில் சின்னதாக ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் உலோக வெட்டு மெஷின்) ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், மொத்தம் பதினெட்டுப் பேர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள்தான் அதிகம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் வருகிறார்கள். டிராயிங் படிப்பதிலிருந்து டூல் ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) போடுவது வரை நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஒன்றரை வருடத்தில் கை திரும்பியதும், பக்கத்து ஷெட்டில் 2,000 ரூபாய் கூட என்று கிளம்பிவிடுகிறார்கள். இனிமேல் யாருக்கும் முழுசாகக் கற்றுக்கொடுக்காதே என்கிறார் என் மைத்துனர். அவர் சொல்வது சரிதானா மேடம்?

பதில்: வேண்டாம் சார், அந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள். பாதி கற்றவனும் போகத்தான் போகிறான், போகிற வரைக்கும் உங்களிடம் ஸ்கிராப் போட்டுக்கொண்டிருப்பான். பட்டனை அமுக்கி பீஸை மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு ஆறே மாதத்தில் சலித்துவிடும். அப்புறம் அவன் கிளம்புவதற்கு 2,000 ரூபாய் கூட வேண்டாம், 500 ரூபாய் போதும்.

நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. ஏன் சரியாக ஒன்றரை வருடம்? அதுவரை தினமும் ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறான், அதனால் இருக்கிறான். கை திரும்பியதும், இங்கே கற்க இருந்தது முடிந்துபோகிறது. சம்பளமோ ஒன்றும் தெரியாமல் வந்தபோது பேசிய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அடுத்து நான் என்ன ஆவேன் என்று அவன் கேட்டால் உங்கள் ஷெட்டில் பதில் சொல்ல யாரும் இல்லை. பக்கத்து ஷெட்காரர் 2,000 ரூபாயோடு 'நீ இங்கே செட்டர்' (மெஷினை வேலைக்குத் தயார்செய்பவர்) என்ற பெயரையும் கொடுக்கிறார், அதற்காகத்தான் அவன் போகிறான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் முதலில் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர், அதற்கு மேல் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன சம்பளம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் பீஸைத் தானே ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே பண்ணத் தெரிந்தால் இந்தப் படி, புதிய ஜாப்புக்குத் தானே டூல் தேர்ந்தெடுத்து செட்டிங் போடத் தெரிந்தால் அந்தப் படி என்று பையன்களுக்குப் புரிகிற மாதிரி தெளிவாக எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். அந்தப் படியை ஒருவன் எட்டிவிட்டால் அந்த மாதமே சம்பளத்தைக் கூட்டிவிடுங்கள். ஏப்ரல் வரட்டும் என்று சொன்னீர்களானால், ஏப்ரலுக்குள் அவனைப் பக்கத்து ஷெட்டில் பார்க்கலாம். அவன் வேறு இடத்து ஆஃபரைக் கொண்டுவந்து காட்டிய பிறகு கூட்டிக்கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். மிரட்டினால்தான் கிடைக்கும் என்று மீதிப் பதினேழு பேருக்கும் நீங்களே பாடம் நடத்தியதாக ஆகிவிடும்.

ஆள் போவதால் ஆகும் செலவை நீங்கள் எப்போதாவது கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் 1913-ல் ஆட்கள் மாறும் விகிதம் 370 சதவீதம். அதாவது சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்தை ஓட்ட அந்த ஒரே வருடத்தில் 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்து, நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார். அடுத்த வருடமே அந்த விகிதம் 16 சதவீதத்துக்கு வந்தது. உங்களை இரட்டிப்புச் சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை, அது முடியாது என்று தெரியும். ஆனால் ஆள் போவது ஒரு செலவு, அதை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு செட்டர் போனால் புதியவனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க உங்கள் சீனியர் எத்தனை மணி நேரம் செலவழிக்கிறார், அந்த நேரத்தில் எத்தனை பீஸ் குறைகிறது, முதல் மூன்று மாதத்தில் ரிஜெக்‌ஷனில் போகும் மெட்டீரியல் எவ்வளவு, டெலிவரி தள்ளிப்போனதில் கை நழுவிய ஆர்டர் எத்தனை என்று உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்தே எடுத்து எழுதுங்கள். மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கற்றுக்கொடுத்தால் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு உங்கள் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. பெங்களூரின் கார்மெண்ட் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்யும் பெண்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பேச்சுத் திறன், நேரத்தைத் திட்டமிடுதல், பிரச்சினையைத் தீர்த்தல் என்று வேலை நேரத்திலேயே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள் பொருளாதார ஆய்வாளர்கள். பயிற்சி முடிந்தபின், பயிற்சி பெறாதவர்களைவிட இவர்களின் உற்பத்தித் திறன் 13.5 சதவீதம் அதிகமாக இருந்தது. வேலையை விட்டுப் போவது அதனால் கூடவில்லை. தெரிந்துகொண்டவர்கள் ஓடிவிடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே அது நடக்கவில்லை.

உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் ராஜாஜிநகரில் கர்நாடக அரசின் ஜி.டி.டி.சி. என்ற தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது, பீன்யாவிலேயே என்.டி.டி.எஃப். என்ற பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிகள் என்னென்ன என்று விசாரித்து, வருடத்துக்கு இரண்டு பேரை உங்கள் செலவில் அனுப்புங்கள். யாரை அனுப்புகிறீர்கள், ஏன் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். புதிதாகச் சேர்க்கும் பையன்களை அப்ரன்டிஸாகப் பதிவுசெய்யவும் உங்களுக்கு வழி இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு அது கட்டாயம், உங்களைப் போல 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்களுக்கு விருப்பம். மத்திய அரசின் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரைக்கும், அரசே தருகிறது.

இன்னொன்று, கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை செய்தவர் போகும்போது முதலாளி தர வேண்டிய பணம். பத்துப் பேர் இருந்தாலே அது பொருந்தும், உங்களிடம் பதினெட்டுப் பேர். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் டி.ஏ.வையும் (அகவிலைப்படி) கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். 18,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 52,000 ரூபாய். இந்தப் பணம் இருப்பதே பல பையன்களுக்குத் தெரியாது. முதலாளியே உட்காரவைத்துச் சொன்னால் அதில் கிடைக்கும் நம்பிக்கை தனி.

இவ்வளவு செய்தும் சிலர் போவார்கள். அவர்களைத் திட்டாமல், பாக்கி வைக்காமல், நன்றாக அனுப்பிவையுங்கள். ஊரில் இருந்து அடுத்த பையனைக் கூட்டிவருகிறவர்களும் அவர்கள்தான், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவர்களும் அவர்கள்தான்.

கேள்வி: பெல்லந்தூரில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் எட்டுப் பேருக்கு டீம் லீடாக இருக்கிறேன். போன வருடம்தான் பதவி உயர்வு. ஆறு மாதத்தில் மூன்று பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள் (ராஜினாமா). எச்.ஆரிடம் சொன்னால் வெள்ளிக்கிழமை பீட்ஸா வாங்கித் தருகிறார்கள். சம்பளத்தை முடிவுசெய்வது என் கையில் இல்லை. நான் என்னதான் செய்ய முடியும்?

பதில்: சம்பளம் உங்கள் கையில் இல்லை, உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருப்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். யாருக்கு எந்த வேலை, யாருடைய பெயர் கிளையன்ட் காதில் விழுகிறது, யார் இரவு இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் இஷ்யூ பார்க்கிறார், லீவு கேட்டால் முகம் எப்படி மாறுகிறது, இதெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. ஒருவர் காலையில் லாகின் செய்யும்போது வயிற்றைப் பிசைகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வதும் இவைதான்.

2008-ல் கூகுள் நிறுவனம், மேனேஜர்கள் உண்மையிலேயே தேவைதானா என்று தன் சொந்தத் தரவுகளை வைத்தே ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவ்வளவு திறமையான பொறியாளர்களுக்கு மேனேஜர் எதற்கு என்ற எண்ணம் அங்கே பலருக்கு இருந்தது. நல்ல மேனேஜரிடம் இருப்பவர்கள் மகிழ்ச்சியாகவும் இருக்கிறார்கள், நிறுவனத்தை விட்டு அதிகம் போவதும் இல்லை என்று அதில் தெரிந்தது. நல்ல மேனேஜருக்கான குணங்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது, நன்றாகப் பயிற்றுவிப்பவராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்தது. உங்களை லீட் ஆக்கியது நீங்கள் நன்றாகக் கோட் எழுதியதற்காக, இப்போது உங்களிடம் வேண்டியிருப்பது வேறு ஒன்று. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவும் இல்லை, அது உங்கள் நிறுவனத்தின் குறை. லீட் ஆக்கியவர்களிடம் போய் எனக்கு இதில் பயிற்சி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

அதுவரை உடனடியாகச் செய்யக்கூடியது தனித்தனிப் பேச்சு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம். டிக்கெட் (கொடுத்த வேலை) எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் கேட்கவே கூடாது, அதற்கு தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டம் இருக்கிறது. எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை, எதைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது, ஒரு வருடம் கழித்து என்ன செய்துகொண்டிருக்க ஆசை, நான் எதை நிறுத்தினால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று கேளுங்கள். முதல் இரண்டு முறை எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். விடாதீர்கள். மூன்றாவது முறையிலோ நான்காவது முறையிலோ உண்மை வரும், அது வரும்போது உங்களை நியாயப்படுத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் செய்துகாட்டுங்கள். கடைசி நிமிடத்தில் அந்தச் சந்திப்பைக் கேன்சல் பண்ணாதீர்கள். நீங்கள் வேலைப்பளுவில் தள்ளிவைத்திருப்பீர்கள், அவருக்கோ தன்னைவிட எல்லாமே முக்கியம் என்றுதான் தோன்றும்.

அப்புறம் வேலைப் பங்கீடு. சாதுவாக இருப்பவர் தலையில் சப்போர்ட் வேலை முழுக்க விழுவதும், வாய் இருப்பவருக்குப் புதிய மாட்யூல் போவதும் எல்லா டீமிலும் நடக்கிறது. கடந்த மூன்று மாத ஸ்பிரின்ட்டுகளை (குறுகிய கால வேலைப் பட்டியல்களை) திறந்து, யார் எதைச் செய்தார் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பேப்பர் போட்ட மூன்று பேரும் அந்தத் தாளில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாலே உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஆன்-கால் (இரவில் பிரச்சினை வந்தால் பார்க்கும் பொறுப்பு) முறை வைத்துச் சுற்றி வரட்டும், இரவு விழித்தவர் மறுநாள் தாமதமாக வரட்டும்.

பீட்ஸாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பார்த்து, வேலையில் மிக மகிழ்ச்சியாக இருந்த நேரம் எது, மிக வெறுத்துப்போன நேரம் எது என்று கேட்டார். வெறுப்பைக் கிளப்பியவை நிர்வாக விதிமுறை, மேற்பார்வை செய்பவரின் நடத்தை, சம்பளம் போன்றவை. மகிழ்ச்சியைத் தந்தவை சாதித்த உணர்வு, அதற்குக் கிடைத்த அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி. பீட்ஸா இதில் எதிலும் வராது. வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிடுங்கள், ஆனால் அதை வைத்து யாரையும் நிறுத்த முடியாது.

தமிழர் என்பதால் உங்களிடம் உரிமையோடு இதையும் கேட்கிறேன்: உங்கள் டீமில் தமிழ் பேசுகிறவர்கள் இருந்தால், சாப்பாட்டு மேசையில் உங்களோடு தமிழில் பேசிச் சிரிப்பது யார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து போனைப் பார்ப்பது யார்? பெங்களூரில் ஒரே டீமில் நான்கு மொழிக்காரர்கள் இருப்பார்கள். லீடுடைய மொழி பேசுகிறவர்களுக்குத்தான் நல்ல வேலை போகிறது என்று மற்றவர்கள் நினைக்க ஆரம்பித்தால், நீங்கள் அப்படிச் செய்யாவிட்டாலும் அந்த எண்ணம் ஆளைக் கிளப்பிவிடும். தமிழில் பேசுவதை விட வேண்டியதில்லை. ஆனால் வேலை சம்பந்தமான எந்த முடிவும் அந்த மேசையில் எடுக்கப்படக் கூடாது.

கேள்வி: எங்கள் நிறுவனம் அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கிறது. வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வர வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போடப் போகிறது. எச்.ஆரில் இருக்கும் எனக்கு, ஆள் போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. மேலிடத்திடம் என்ன சொல்வது?

பதில்: கையில் ஆதாரத்தோடு போங்கள். ஷாங்காயில் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் செய்தது, 2024-ல் நேச்சர் இதழில் வெளியானது. பாதிப் பேர் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள், மீதிப் பேர் ஐந்து நாளும் ஆபீஸ். இரண்டு நாள் வீட்டிலிருந்தவர்களில் வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இரண்டு வருடம் பார்த்தும் பதவி உயர்விலோ மதிப்பீட்டிலோ அவர்கள் பின்தங்கவில்லை. பெண்களிடமும், தொலைவிலிருந்து வருகிறவர்களிடமும், மேனேஜர் அல்லாதவர்களிடமும் பலன் அதிகம். கே.ஆர்.புரத்திலிருந்து மாரத்தஹள்ளி வழியாக வருகிறவர்கள் உங்களிடம் எத்தனை பேர் என்று முகவரிப் பட்டியலைப் பார்த்து ஒரு கணக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் வந்ததில் அங்கே கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, உங்கள் பக்கத்தில் பயணம் இன்னும் பெரிய பாரம்தான். ஐந்து நாள் கட்டாயம் என்றே முடிவானால், குறைந்தபட்சம் வரும் நேரத்தையாவது தளர்த்தச் சொல்லுங்கள். காலை ஏழரைக்கு வந்து மதியம் மூன்றரைக்குக் கிளம்ப அனுமதித்தால் ஒருவருக்கு நாளில் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

கேள்வி: நான் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். நர்சுகள் வந்த வேகத்தில் போகிறார்கள், பாதிப் பேர் வெளிநாட்டுக்கு. இதில் நான் என்ன செய்ய முடியும் என்றே தெரியவில்லை.

பதில்: வெளிநாடு போகிறவரை உங்களால் நிறுத்த முடியாது சிஸ்டர், நிறுத்தவும் வேண்டாம், அது அவர்கள் குடும்பத்தின் வாழ்க்கை. மீதிப் பாதியைப் பாருங்கள். அவர்கள் நான்கு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள், அதே நைட் டூட்டி பார்ப்பதற்கு. அவர்களைப் பற்றிப் பேசலாம்.

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு நேர்மாறாக வந்தது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே நர்சுகள் பயப்படாமல் வந்து சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள், அவ்வளவுதான். இன்சார்ஜ் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வித்தியாசம். நோயாளி முன்னால், அட்டெண்டர் முன்னால், டாக்டர் முன்னால் ஒரு இளம் நர்சைத் திட்டும் பழக்கம் உங்கள் வார்டில் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்த முடியும். டாக்டர் கத்தினால் நடுவில் நீங்கள் போய் நில்லுங்கள். நர்சுகள் வருடக்கணக்கில் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

டூட்டி சார்ட்டை ஒரு மாதம் முன்னால் போடுங்கள். நைட் முடிந்து வருகிறவருக்கு அடுத்த நாளே மார்னிங் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் கற்க ஆசைப்படும் பிரிவு ஒன்று இருக்கும், ஐ.சி.யூ., டயாலிசிஸ், தியேட்டர் என்று. கேட்டு, முறைவைத்து அனுப்பும்படி நர்சிங் சூப்பிரண்டிடம் பேசுங்கள். திருமணமாகிக் குழந்தை பெற்றவர்கள் திரும்பி வராமலே போவது உங்கள் துறையில் அதிகம். 26 வார மகப்பேறு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் காப்பகம் இல்லையென்றால் நீங்கள்தான் எழுத்தில் கேட்க வேண்டும். ஐந்து வருட அனுபவம் உள்ள ஒரு நர்ஸ் குழந்தைக்காக வேலையை விடும்போது நோயாளிகளுக்கு ஏற்படும் நஷ்டத்தை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் முதல் வேலை. சேரும்போது இரண்டு வருட பாண்டில் (அதுவரை வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம்) கையெழுத்து வாங்கி, அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று ஒன்றும் தரவில்லை. விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டுமாம்.

பதில்: அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் அவர்களுக்கு உரிமை தரவில்லை. முதலில் மின்னஞ்சலில் எழுதித் திருப்பிக் கேளுங்கள். பாண்ட் விஷயம் வேறு. வேலையில் இருக்கும் காலத்துக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் விதிப்பது தவறில்லை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் சொல்லியிருக்கிறது. அங்கேயும் தொகை 2 லட்சம்தான். அதனால் பாண்ட் எல்லாமே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். ஆனால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும், எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. பயிற்சிக்கு அவர்கள் செலவே செய்யவில்லை என்பது உங்கள் பக்கம் பலமான வாதம். ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டுங்கள். 2017-லிருந்து கர்நாடகாவில் ஐ.டி. ஊழியர் சங்கமாக கே.ஐ.டி.யு. செயல்படுகிறது, அவர்களிடமும் பேசலாம்.

கேள்வி: மடிவாளாவில் மெஸ் நடத்துகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற மாஸ்டரும் சப்ளையரும் திரும்பி வருவதே இல்லை.

பதில்: மொத்தமாகப் பொங்கலுக்கு எல்லோரையும் அனுப்பினால் அப்படித்தான் ஆகும். பாதிப் பேருக்குத் தீபாவளி, பாதிப் பேருக்குப் பொங்கல் என்று ஆறு மாதம் முன்னாலேயே அவர்களையே பேசி முடிவுசெய்யச் சொல்லுங்கள், போக வர பஸ் டிக்கெட்டை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வந்தால் தருகிறேன் என்பது வேண்டாம், அந்தப் பாக்கியை விட்டுவிட்டே பல பேர் போய்விடுவார்கள். தங்கும் அறையைப் போய்ப் பாருங்கள், மழை ஒழுகுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று. அதைவிட முக்கியம், சப்ளையர் பையன் சப்ளையராகவே இருந்துவிடக் கூடாது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் தோசைக்கல்லில் நிற்கவிடுங்கள், மாஸ்டருக்கு அதற்காகத் தனியாக ஏதாவது கொடுங்கள், இல்லையென்றால் அவர் சொல்லித்தர மாட்டார். மாஸ்டர் ஒருநாள் வராவிட்டாலும் கடை ஓடும், பையனுக்கும் கையில் ஒரு தொழில் வரும்.

கேள்வி: போகிறவரிடம் ஏன் போகிறாய் என்று கேட்பதால் பயன் உண்டா?

பதில்: கொஞ்சம்தான். போகிறவர் அனுபவச் சான்றிதழை நினைத்துக்கொண்டு மழுப்புவார். இருக்கிறவரிடம் கேளுங்கள். முதல் பதிலில் சொன்ன கார்மெண்ட் துறையிலேயே இன்னொரு ஆய்வும் நடந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாகச் சம்பள உயர்வு வந்த சமயத்தில், குலுக்கலில் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களிடம் பெயர் கேட்காமல், வேலைச் சூழல் எப்படி, சூப்பர்வைசர் எப்படி என்று கருத்துக் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களிடம் வேலையை விடுவதும் லீவு போடுவதும் குறைந்தது, மிகவும் ஏமாந்துபோயிருந்தவர்களிடம்தான் அதிகமாகக் குறைந்தது. கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: நான் முதலாளி இல்லை, ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன், நான்கு வருடம் நான்கு மாதம் ஆகிறது. மேனேஜர் தங்கமானவர், ஆனால் இரண்டு வருடமாகப் புதிதாக எதுவும் கற்கவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: நல்ல மேனேஜர் என்றால் அவரிடமே முதலில் பேசுங்கள். எனக்கு இந்த வேலையில் இனி கற்க ஒன்றும் இல்லை, இன்ன பிரிவுக்கு மாற ஆசை, அல்லது இன்ன பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று குறிப்பாகக் கேட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். பொத்தாம் பொதுவாகச் சலித்துப்போச்சு சார் என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று மாதம் கொடுங்கள். எதுவும் நகரவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம், தங்கமான மேனேஜருக்காக உங்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ள வேண்டாம், அவரே அதை விரும்ப மாட்டார்.

ஆனால் ஐந்து வருடத்துக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி என்று வந்தது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, உங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம்தான். அந்த எட்டு மாதத்தை வேலை தேடவும், மாலையில் ஏதாவது படிக்கவும் பயன்படுத்திக்கொண்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) எண்ணைக் கொடுத்துப் புதிய கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள், ஓய்வூதியத்துக்குப் பத்து வருட உறுப்பினர் காலம் தேவை என்பதால் இந்த ஐந்து வருடமும் அதில் சேர வேண்டும்.